செக்ஸ் ஒர்க்கர் உரிமைக்காக வேலை செய்யணுமா? கடலூர்-பாண்டி ஆளுங்களுக்கு ஒரு கைடு

சோசியல் ஒர்க் படிக்கிற பசங்க, ஜூனியர் வக்கீலுங்க, லேடீஸ் கிளப் ஆளுங்கன்னு அப்பப்ப யாராச்சும் வந்து கேட்டுட்டே இருக்காங்க, "செக்ஸ் ஒர்க்கர்ஸுக்கு ஏதாச்சும் செய்யணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது"ன்னு. நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா கேக்கும்போதே அதுல பாதி பேர் மனசுல ஒரு தையல் மெஷின் ஓடிட்டு இருக்கும். மெஷின வாங்கிக் குடுத்து, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் வெச்சா அந்தக்கா வாழ்க்கை திருந்திடும்னு ஒரு நெனப்பு. அந்த போட்டோ அவங்க மாமியார் போனுக்கு போய் சேர்ந்தா என்ன ஆகும்னு யாரும் யோசிக்கிறதில்ல, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல: காட்டிக்குடுக்காம இருக்கக் கத்துக்கோங்க

நம்ம பக்கம் மும்பை, கொல்கத்தா மாதிரி தனி ஏரியா கெடையாது. எல்லாம் போன்லதான், லாட்ஜ், வாடகை வீடு, பஸ் ஸ்டாண்டு, பீச் பக்கம். கடலூர்ல வீடு இருக்கிறவங்க பாண்டிக்கு போறாங்க, பாண்டில இருக்கிறவங்க கடலூர், விழுப்புரம், சிதம்பரம்னு போறாங்க, ஏன்னா ஆல்பேட்டை செக்போஸ்ட்டும் பெண்ணையாத்து பாலமும் தாண்டிட்டா ஊர்ல தெரிஞ்ச மூஞ்சி கண்ணுல படாது. வீட்ல கம்பெனி வேலை, கேட்டரிங், ஹவுஸ் கீப்பிங்னு ஏதோ ஒண்ணு சொல்லி வெச்சிருப்பாங்க. அந்த ஒரு பொய்மேலதான் புள்ளைங்க ஸ்கூல், வாடகை வீடு, தங்கச்சி கல்யாணம் எல்லாமே நிக்குது. அதை உடைச்சுட்டு நீங்க எந்த உரிமைய வாங்கிக் குடுத்தும் பிரயோஜனம் இல்ல.

அதனால சில பழக்கம் வரணும். ரோட்ல பாத்தா நீங்களா போய் பேசாதீங்க, அவங்க பேசினா பேசுங்க. போன்ல பேர சேவ் பண்றப்ப பக்கத்துல "செ.ஒ."ன்னு போடுற புத்திசாலித்தனம் வேண்டாம், உங்க போன் தொலைஞ்சா போச்சு. வாட்ஸ்அப் குரூப்ல அவங்கள கேக்காம சேக்கவே கூடாது, குரூப்ல நம்பர் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு போகணும்னா கழுத்துல என்ஜிஓ ஐடி கார்டு தொங்கவிட்டுட்டு போகாதீங்க. கூப்பிடுறப்ப அக்கான்னு கூப்பிடுங்க, சின்னவங்களா இருந்தா வாங்க போங்கன்னு பேசுங்க, தொழில்ல வெச்சிருக்கிற பேர் ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு இருக்கும், எந்த எடத்துல எதைச் சொல்லணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. "ஏன் இந்த தொழிலுக்கு வந்தீங்க"ன்னு மொத நாளே கேக்காதீங்க. ரெண்டாவது நாளும் கேக்காதீங்க. அவங்களுக்கு தோணினா சொல்லுவாங்க.

நேரா போய் "நான் உதவ வந்திருக்கேன்"னு நிக்கிறதவிட, ஏற்கெனவே வேலை செய்யற பியர் எஜுகேட்டர்ங்க மூலமா போறதுதான் சரி. அவங்களும் இதே ஃபீல்டுல இருக்கிற அக்காங்கதான், காண்டம் குடுக்கிறதுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற வரைக்கும் செய்யறாங்க. கடலூர் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்துக்கு கீழ வருது, பாண்டிக்கு தனியா ஒரு எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் இருக்கு. பஸ்ல ஒரு மணி நேர தூரத்துல ரெண்டு அரசாங்கம், ரெண்டு போலீஸ், ரெண்டு ரேஷன். ஒரே நல்ல விஷயம், ரெண்டுக்கும் ஹைகோர்ட் ஒண்ணுதான், மெட்ராஸ் ஹைகோர்ட்.

சட்டத்த தப்பா சொல்லாதீங்க

"சுப்ரீம் கோர்ட் செக்ஸ் ஒர்க்க தொழிலா அங்கீகரிச்சிடுச்சு, இனி போலீஸ் தொடவே முடியாது"ன்னு 2022-ல எல்லா போனுக்கும் ஃபார்வேர்டு வந்துச்சு. அதை நம்பி யாராச்சும் ஸ்டேஷன்ல போய் வீராப்பா பேசினா அடி அவங்களுக்குத்தான் விழும், நமக்கு இல்ல. அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1956-ல வந்த சட்டம், இப்போ பேரு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், ஐடிபிஏன்னு சொல்லுவாங்க. வயசுக்கு வந்த ஒரு பொண்ணு தன் இஷ்டத்துக்கு காசு வாங்கிட்டு உறவு வெச்சுக்கிறத இந்த சட்டம் குத்தம்னு சொல்லல. ஆனா அதைச் சுத்தி இருக்கிற எல்லாத்தையும் குத்தம்னு சொல்லுது. 3-வது பிரிவு, இந்தத் தொழிலுக்குன்னு விடுதி நடத்துறது. 4-வது பிரிவு, அந்த சம்பாத்தியத்துல வாழறது, அதாவது 18 வயசு தாண்டின மகன் அம்மா காசுல சாப்பிட்டாலும் கேஸ்ல இழுக்கலாம். 7-வது பிரிவு, கோயில், ஸ்கூல், ஆஸ்பத்திரி மாதிரி பொது எடத்துலேர்ந்து 200 மீட்டருக்குள்ள செய்யறது. பாண்டி டவுன்ல 200 மீட்டருக்குள்ள ஒரு கோயிலோ சர்ச்சோ ஸ்கூலோ இல்லாத எடத்த நீங்களே கண்டுபிடிச்சு காட்டுங்க பாப்போம். 8-வது பிரிவு, பொது எடத்துல ஆள் கூப்பிடுறது, பஸ் ஸ்டாண்டுல சும்மா நின்னவங்க மேலகூட போடற கேஸ் இதுதான்.

2022 மே 19-ம் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவோட கதை என்னன்னா, 1999-ல கொல்கத்தால ஒரு பாலியல் தொழிலாளிய ஒருத்தன் அடிச்சே கொன்னான், அவன் அப்பீல 2011-ல தள்ளுபடி பண்ணின கோர்ட்டு அதோட விடாம, இந்த பெண்கள் கௌரவமா வாழ என்ன வழின்னு ஒரு குழு போட்டுச்சு. குழு பத்து பரிந்துரை குடுத்துச்சு. அதுல ஆறை உடனே அமல்படுத்துங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் சொல்லிட்டாங்க. பாலியல் வன்முறை நடந்தா மத்த பொண்ணுங்களுக்கு கெடைக்கிற அத்தனை மருத்துவ உதவியும் இவங்களுக்கும் குடுக்கணும், போலீஸ் கேவலமா பேசறதோ அடிக்கிறதோ கூடாது, காண்டம் வெச்சிருந்தத ஆதாரமா காட்டக்கூடாது, மீடியா மூஞ்சியும் பேரும் போடக்கூடாது, ஹோம்ல, அதாவது காப்பகத்துல, விருப்பமில்லாம அடைச்சு வெச்சிருக்கிற வயசு வந்த பெண்கள பத்தி சர்வே எடுத்து வெளிய விட வழி பண்ணணும், சட்ட உதவி ஆணையம் இவங்களுக்கு உரிமை பத்தி வகுப்பு எடுக்கணும். இதுங்கதான் அந்த ஆறு. சம்மதத்தோட செய்யறவங்கள போலீஸ் தொந்தரவு பண்ணக்கூடாது, ரெய்டுல அவங்கள அரெஸ்ட் பண்ணக்கூடாதுங்கிற பரிந்துரைகளுக்கு மத்திய அரசு தயக்கம் சொல்லுச்சு, அதனால அது இந்த ஆறுல வரல. பேப்பர்ல பெருசா வந்தது என்னமோ அதுதான்!

அதே வருஷம் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும், மசாஜ் சென்டர் ரெய்டுல அங்க இருந்தார்ங்கிறதுக்காக ஒருத்தர் மேல போட்ட கேஸ ரத்து பண்ணிச்சு, விடுதி நடத்துறதுதான் குத்தம், இஷ்டப்பட்டு தொழில் செய்யறது இல்லன்னு சொல்லி. வக்கீலுக்கு இது உதவும்.

ஒரு விஷயம் மட்டும் கறாரா சொல்லிடறேன். 18 வயசுக்கு கீழ ஒரு பொண்ணு இருந்தா இந்த பேச்சு எதுவும் பொருந்தாது, உடனே குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098-க்கு அடிங்க. கட்டாயப்படுத்தி, கடன சொல்லி, போன புடுங்கி வெச்சு யாரையாச்சும் அடைச்சு வெச்சிருந்தாலும் அது ஆள் கடத்தல், அவசர நம்பர் 112-க்கோ பெண்கள் ஹெல்ப்லைன் 181-க்கோ அடிங்க. உரிமை பேசறவங்க இதுல நெளியறத பாத்திருக்கேன், நெளியத் தேவையே இல்ல, ஏன்னா இதை மொதல்ல வந்து சொல்றதே பெரும்பாலும் ஃபீல்டுல இருக்கிற அக்காங்கதான்.

ரெய்டு, ஸ்டேஷன்

ராத்திரி பத்து மணிக்கு போன் வரும், "லாட்ஜ்ல புடிச்சிட்டாங்க"ன்னு. நீங்க வக்கீல் இல்லேன்னா ஸ்டேஷனுக்கு தனியா ஓடாதீங்க. 15100-க்கு அடிங்க, அது சட்ட உதவி நம்பர். பொண்ணுங்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு. கடலூர்னா மஞ்சக்குப்பம் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, பாண்டிக்கு யூனியன் பிரதேச சட்டப்பணிகள் ஆணையம். பகல்ல ஒரு தடவ சும்மா போய் அங்க இருக்கிறவங்கள பழக்கம் பண்ணி வெச்சுக்கோங்க, ராத்திரி தேவைப்படும்போது மூஞ்சி தெரிஞ்சிருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

வக்கீலோட போனா மெதுவா கேக்க வேண்டியதெல்லாம் இருக்கு. தேடுதலுக்கு போனப்ப கூட ரெண்டு பெண் போலீஸ் இருந்தாங்களா. அந்த ஏரியா ஆளுங்க ரெண்டு பேராவது சாட்சியா இருந்தாங்களா, அதுல ஒருத்தராவது பொண்ணா. விசாரணை பண்ணினது பெண் போலீஸா. பொண்ண அரெஸ்ட் பண்ணினது சூரியன் மறைஞ்ச அப்புறம்னா மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கினாங்களா. இது எல்லாமே சட்டத்துல எழுதி இருக்கு. கேக்கற தொனி முக்கியம், "ஐயா, ஒரு சந்தேகம்"னு ஆரம்பிங்க, மேடம்னா மேடம். சண்டை போட்டு ஜெயிச்சுட்டு நாம வீட்டுக்கு போயிடுவோம், நாளைக்கு அதே பஸ் ஸ்டாண்டுல அதே ஏட்டுகிட்ட மாட்டப்போறது அவங்க.

அடுத்து இந்த "மீட்பு"ங்கிற விஷயம். பேப்பர்ல "4 அழகிகள் மீட்பு"ன்னு போட்டிருப்பாங்க, படிக்கிறவங்க அப்பாடா தப்பிச்சாங்கன்னு நெனைப்பாங்க. ஆனா மாஜிஸ்திரேட் விசாரிச்சு பாதுகாப்பு தேவைன்னு முடிவு பண்ணிட்டா 17-வது பிரிவுல ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஹோம்ல வைக்க முடியும். அந்த நேரத்துல வீட்ல இருக்கிற புள்ளைய யார் பாத்துக்கிறது? 2020 செப்டம்பர்ல பாம்பே ஹைகோர்ட் இப்படி ஹோம்ல அடைச்சிருந்த மூணு பெண்கள விடச் சொல்லுச்சு, வயசு வந்த பொண்ணு எங்க இருக்கணும், என்ன வேலை செய்யணும்னு அவதான் முடிவு பண்ணணும்னு. அந்த தீர்ப்ப பிரிண்ட் எடுத்து வக்கீல் கையில குடுங்க. நீங்க செய்ய வேண்டியது, அந்தக்கா சொல்ற நம்பருக்கு போன் பண்ணி, அவங்க சொல்லச் சொன்ன காரணத்த மட்டும் சொல்லி, புள்ளைங்க அன்னிக்கு ராத்திரி எங்க தூங்கும்னு பாக்கறது. பெரும்பாலும் உங்ககிட்ட கேக்கற மொத உதவியே இதுவாத்தான் இருக்கும்.

அவங்க புகார் குடுக்கணும்னு வந்தா, கஸ்டமர் அடிச்சான், காசு குடுக்காம கும்பலா வந்து பலாத்காரம் பண்ணினாங்கன்னா, "சம்பவம் நடந்தது கிருமாம்பாக்கம், பாண்டி பக்கம், நீ அங்க போ", "இல்ல ரெட்டிச்சாவடி, கடலூர் பக்கம், நீ அங்க போ"ன்னு பந்து மாதிரி தட்டுவாங்க. 2024 ஜூலை 1-லேர்ந்து அமல்ல இருக்கிற புது குற்ற நடைமுறைச் சட்டம், அதாவது பிஎன்எஸ்எஸ், 173-வது பிரிவுப்படி சம்பவம் தங்க எல்லைல நடக்கலேன்னாலும் எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டே ஆகணும், காப்பி இலவசம். தொழில் செய்யறவளுக்கு என்ன பலாத்காரம்னு கேக்கற ஆளுக்கு பதில் சொல்லி நேரத்த வீணாக்காதீங்க, பிரிவு நம்பர மட்டும் சொல்லுங்க. அதுக்கும் முன்னாடி ஆஸ்பத்திரி. அரசு, தனியார் எதுவா இருந்தாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கு காசு வாங்காம உடனே சிகிச்சை குடுக்கணும், எஃப்ஐஆர் கொண்டா அப்புறம் பாக்கறேன்னு சொல்ல முடியாது. எச்ஐவி தொத்தாம இருக்க மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அதனால ஸ்டேஷன் வாசல்ல நேரத்த விடாதீங்க.

பேப்பர்காரங்க, யூடியூப்காரங்க

என்னைக் கேட்டா போலீஸ விட அதிகமா குடும்பத்த உடைக்கிறது இவங்கதான். துப்பட்டாவால மூஞ்சிய மூடிட்டு வரிசையா உக்காந்திருக்கிற போட்டோ, ஊர் பேரு, வயசு, "கணவரைப் பிரிந்து வாழும்"னு ஒரு வரி. கடலூர் மாதிரி ஊர்ல அது போதும், யாருன்னு தெரிஞ்சுடும். தலைப்புல அழகி, உள்ள உல்லாசம். நடத்தின முதலாளி பேர மட்டும் காணோம்.

தினசரியில வந்தா மொதல்ல ஆசிரியருக்கு ஒரு லெட்டர், அவங்க பதில் திருப்தியா இல்லேன்னா பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு புகார், செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள. கட்டிங் இணைக்கணும். சுப்ரீம் கோர்ட் உத்தரவுல மீடியா பத்தின பகுதிய குறிப்பிடுங்க. புகார்ல அந்தக்கா பேர நீங்களே எழுதிடாதீங்க, "செய்தியில் உள்ள பெண்"னு போட்டா போதும், வாசகரா நீங்களே குடுக்கலாம். யூடியூப், பேஸ்புக் பிரஸ் கவுன்சில் கைக்குள்ள வராது, அதுக்கு அந்தந்த கம்பெனியோட குறை தீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பணும், அரைகுறை டிரெஸ்ல எடுத்த வீடியோன்னா பாதிக்கப்பட்டவங்க சார்பா புகார் போன சில மணி நேரத்துலயே தூக்கணும்னு 2021 ஐடி விதி இருக்கு. சைபர் கிரைம்லயும் போடுங்க. உள்ளூர் நிருபருங்க சிலர் நல்லவங்க, டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு பேசினா போட்டோவ விட்டுட்டு போடுவாங்க, லெட்டர விட இது வேகமா வேலை செய்யும்.

ஆஸ்பத்திரி, ஆதார், ஸ்கூல்

எச்ஐவி டெஸ்டுக்கு நம்பிக்கை மையம், பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம், கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரிலயே இருக்கு. சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097-க்கு அடிச்சு கேக்கலாம், தமிழ்ல பேசுவாங்க, பேர் சொல்ல வேண்டியதில்ல. சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கறதும், ரிசல்ட்ட மத்தவங்ககிட்ட சொல்றதும் 2017 எச்ஐவி சட்டப்படி தப்பு, அது 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. கூட போறீங்கன்னா ஓபி சீட்டு வரிசைலயே நின்னுக்கோங்க, டாக்டர் ரூமுக்குள்ள அவங்க கூப்பிட்டா மட்டும் போங்க. பல்லு வலிக்கு போனாகூட "நீ அந்த இதுதானே"ன்னு கேக்கற நர்ஸ் இருக்காங்க, அங்க உங்க வேலை சத்தம் போடறது இல்ல, பக்கத்துல நின்னு "மேடம் பல்ல பாருங்க மேடம்"னு சொல்றதுதான்.

ஆதார் இல்லாதவங்களுக்கு 2022 உத்தரவுலயே வழி இருக்கு. வீட்டு விலாச ஆதாரம் இல்லேன்னாலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போட கெஜட்டட் அதிகாரியோ மாநில சங்கத்தோட திட்ட இயக்குநரோ ஒரு படிவத்துல சான்று குடுத்தா ஆதார் போடலாம், இவங்க பாலியல் தொழிலாளின்னு கார்டுலயோ நம்பர்லயோ எந்த அடையாளமும் வரக்கூடாதுன்னும் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. கொரோனா நேரத்துல, 2020 செப்டம்பர்ல, அடையாள அட்டை கேக்காம ரேஷன் குடுங்கன்னும் சொன்னாங்க. பாண்டில குடியிருந்துட்டு கடலூர் விலாசத்துல கார்டு வெச்சிருக்கிறவங்க நெறைய, எந்தப் பக்கம் நெரந்தரமா இருக்கப்போறோம்னு அவங்க முடிவு பண்ணட்டும், அப்புறம் எல்லாத்தையும் அந்தப் பக்கம் மாத்துங்க. பாதி இங்க பாதி அங்கன்னா ரெண்டு பக்கமும் திட்டம் எதுவும் கெடைக்காது.

புள்ளைக்கு பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு கேட்டு அலைய விட்டா, 2015-ல சுப்ரீம் கோர்ட் சொன்னத காட்டுங்க, தனியா வளக்கிற அம்மா ஒரு அஃபிடவிட் குடுத்தா போதும், அப்பா பேரு கட்டாயம் இல்ல.

டீக்கடைல, குடும்பத்துல பேச்சு வந்தா

இதுதான் தெனமும் நடக்கிறது, இதுக்குத்தான் நம்மாளுங்க பம்முவாங்க. கல்யாண வீட்ல சித்தப்பா ஒருத்தர் "ஈஸியா காசு வருதுன்னு போறாளுங்க"ன்னு ஆரம்பிப்பாரு. லெக்சர் அடிக்காதீங்க. "லாட்ஜ்காரனுக்கு, புரோக்கருக்கு, மாமூலுக்கு, வட்டிக்காரனுக்கு போக என்ன மிஞ்சும் சித்தப்பா"ன்னு கேளுங்க, கணக்கு தெரிஞ்சவர்னா யோசிப்பாரு. "இவங்களாலதான் நோய் பரவுது"ம்பாங்க, நோய் தனியா வராது, வாங்கிட்டு வீட்டுக்கு கொண்டு போறவன் யாருன்னு கேட்டா பேச்சு அதோட நிக்கும். "இவங்க இருக்கிறதாலதான் நம்ம வீட்டு பொண்ணுங்க பத்திரமா இருக்காங்க"ன்னு ஆதரவா பேசறதா நெனச்சு ஒருத்தர் சொல்லுவாரு பாருங்க, அதுக்குத்தான் எனக்கு ரொம்ப கோவம் வரும். அவங்களும் ஒரு வீட்டு பொண்ணுதான், யாருக்கோ கேடயமா இருக்கிறதுக்கு அவங்க கையெழுத்து போட்டுக் குடுக்கல.

திட்டறதுக்கு அந்த வார்த்தைய எடுக்கிறவங்கள மட்டும் அங்கயே நிறுத்துங்க, பிரெண்டா இருந்தாலும். திருநங்கை அக்காங்க இதுல ரெட்டை அடி வாங்கறாங்க, அதையும் சேத்தே பேசுங்க. பேசறப்ப "எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. உங்க சொந்தக்காரர் உங்கள எந்த அக்காகூட பாத்தாருன்னு ஞாபகப்படுத்திக்கிட்டா, நீங்களே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்.

கூட்டம் போடறீங்கன்னா

மார்ச் 3 பாலியல் தொழிலாளர் உரிமை தினம், 2001-ல கொல்கத்தால இந்தப் பெண்களே ஒண்ணு கூடி ஆரம்பிச்சது. ஜூன் 2, 1975-ல பிரான்ஸ்ல லியோன்ங்கிற ஊர்ல போலீஸ் தொல்லை தாங்காம சர்ச்சுக்குள்ள போய் உக்காந்த நாள், பாண்டில பிரெஞ்சு தெரிஞ்ச பெரியவங்க இருந்தா இதைப் பத்தி பேசச் சொல்லலாம். டிசம்பர் 17, வன்முறைக்கு எதிரான நாள்.

கூட்டத்துக்கு வெளிய பேனர்ல "பெண்கள் நலன்"னு மட்டும் இருக்கட்டும். வாசல்லயே போன வாங்கி வெச்சுடுங்க, எஸ்பி வந்தாலும் மேடைல போட்டோ கெடையாதுன்னு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. கடலூர் அக்காங்களுக்கு பாண்டிலயும் பாண்டி அக்காங்களுக்கு கடலூர்லயும் வெச்சா நிம்மதியா வருவாங்க, ஆனா எந்த ஊர்னு கேட்டுட்டு வைங்க. சாயங்காலம் வேண்டாம், அது தொழில் நேரம், காலைல பதினோரு மணிக்கு மேல, புள்ளைங்க ஸ்கூலுக்கு போன அப்புறம். மைக்க மொதல்ல அவங்க கையில குடுங்க, எம்எல்ஏவுக்கு கடைசில குடுத்துக்கலாம். பஸ் காசும் சாப்பாடும் மட்டும் பத்தாது, பேச வர்றவங்களுக்கு பேராசிரியருக்கு குடுக்கிற அதே தொகைய கவர்ல போட்டுக் குடுங்க. ரசீதுல கையெழுத்து கேக்காதீங்க.